மூட்டை தூக்குபவரைக் கேட்டு வேலையை அமைத்தல்: கீழ்முதுகுக் காயத்தைத் தடுக்கும் வழி

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைகள் குவியும். களத்தில் கட்டப்பட்ட ஒரு மூட்டை வண்டியில் ஏறுகிறது, கூடத்தில் இறங்குகிறது, எடை மேடையில் ஏறுகிறது, லாரிக்குப் போகிறது, அரிசி ஆலையில் இறங்கி அட்டியில் அடுக்கப்படுகிறது, மறுபடியும் அட்டியிலிருந்து இறங்கி அரைவைக்குச் செல்கிறது. இத்தனை முறையும் அதை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் மனித முதுகுதான். அதே வாரங்களில் எங்கள் புறநோயாளர் பிரிவில் கீழ்முதுகு வலியோடு காத்திருப்போரின் வரிசையும் நீள்கிறது. செய்யாறு, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு நிறுவனப் பேருந்தில் போய்வரும் இளைஞர்களும் பெண்களும் அந்த வரிசையில் உண்டு.

அவர்களும் உடன்வரும் குடும்பத்தாரும் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. இடுப்புக்குப் பெல்ட் போட்டுக்கொள்ளலாமா? எப்படிக் குனிந்து தூக்கினால் வலி வராது? இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இரண்டுமே வேலையை அப்படியே விட்டுவிட்டு வேலை செய்பவரின் உடம்பை மட்டும் திருத்தப் பார்க்கின்றன. மருத்துவ ஆய்வுகள் காட்டும் திசை வேறு. அதை எங்கள் நோயாளர்களும் அவர்கள் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

முதுகுக்குள் நடப்பது என்ன

கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு முதுகின் கணக்கு எளிதில் விளங்கும். தாங்குமரத்திலிருந்து எவ்வளவு தள்ளிச் சுமை தொங்குகிறதோ அவ்வளவு அதிகமாக மறுமுனையில் பாரம் வேண்டும். நம் கீழ்முதுகில் எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுதான் தாங்குமரம். அதற்குப் பின்னால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரத்தில் முதுகுத் தசை இழுக்கிறது. முன்னால் 40 சென்டிமீட்டர் தள்ளி 20 கிலோ சுமையை ஒருவர் பிடித்தால், அதை ஈடுகட்டத் தசை அதைப்போல் எட்டு மடங்கு, அதாவது 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்திருக்கும் மேலுடம்பின் எடைக்கான இழுப்பு இதற்கு மேல். இந்த விசை முழுவதும் வட்டின்மேல் அழுத்தமாக இறங்குகிறது. அதே 20 கிலோவை உடம்போடு ஒட்டி 20 சென்டிமீட்டரில் பிடித்தால் சுமைக்கான இழுப்பு 80 கிலோவாகக் குறைகிறது. எடை மாறவில்லை, தூரம் மட்டுமே மாறியது.

குனிந்த நிலையில் இடுப்பைத் திருப்புவது வட்டின் வெளி வளையத்துக்கு இன்னும் கெடுதல். விடியற்காலையில் கவனம் கூடுதலாக வேண்டும். இரவு முழுவதும் படுத்திருக்கையில் வட்டு நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். எழுந்த முதல் மணி நேரத்தில் ஆழமாகக் குனிவது அதற்கு அதிக அழுத்தம் தருகிறது. அதிகாலையிலேயே லாரி வந்து நிற்கும் ஆலையில் இதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? நெடுநேரம் பேருந்தில் உட்கார்ந்து வந்து இறங்கியவுடன் பாரம் தூக்குவோரின் முதுகும் அந்த வேலைக்கு ஆயத்தமாக இருப்பதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். நம் ஊரில் மூட்டை சுமப்பவர் அதைத் தரையிலிருந்து தானே தூக்கிக்கொள்வதில்லை. இருவர் தூக்கிவிட, ஒருவர் சும்மாடு வைத்த தலையிலோ பிடரிக்குக் கீழே முதுகிலோ வாங்கிக்கொள்கிறார். சுமை முதுகெலும்புக்கு நேர்மேலே வந்துவிடுவதால் ஏற்றக்கோலின் நீளம் சுருங்கிவிடுகிறது. இந்த முறையை எந்தப் பொறியாளரும் சொல்லித் தரவில்லை. சுமந்தவர்களே தலைமுறை தலைமுறையாகக் கண்டது. கழுத்தெலும்புகள் தேய்வது இதன் விலை என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் நாங்கள் பார்க்கும் கீழ்முதுகுக் காயங்கள் பெரும்பாலும் சுமந்து நடக்கையில் நேர்வதில்லை. தூக்கிவிடும் அந்த இருவருக்கும், அட்டியின் அடிவரிசையிலிருந்து மூட்டையை உருவுபவருக்குமே நேர்கின்றன.

பெல்ட்டும் பயிற்சியும்

அமெரிக்காவில் புதிதாகத் திறக்கப்பட்ட 160 கடைகளில் பொருள் தூக்கும் ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. பெல்ட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் முதுகுக் காயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின்போ, எலும்பு முறிவிலோ, கடும் வலியின் சில நாட்களிலோ நாங்கள் எழுதித்தரும் பெல்ட் வேறு. வலி வராமலிருக்க நாளெல்லாம் கட்டிக்கொள்ளும் பெல்ட் வேறு. பின்னதற்குச் செலவழிக்கும் பணத்தை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் கருத்து.

சரியாகத் தூக்கக் கற்றுக்கொடுத்தால் என்ன? அதையும் சோதித்துவிட்டார்கள். அதே நாட்டில் சுமார் 4000 அஞ்சல் ஊழியர்களிடையே நடந்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. இயன்முறை மருத்துவர்களே பணியிடத்துக்குச் சென்று பயிற்சி தந்தார்கள். ஐந்தரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பயிற்சி பெற்றோரின் அறிவு வளர்ந்திருந்தது. முதுகுக் காயங்கள் குறைந்திருக்கவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, மூட்டையை உடம்போடு அணைத்துத் தூக்கு என்று சொல்லலாம். ஆனால் மூட்டை இரண்டு அட்டிகளுக்கு இடையே ஒரு முழச் சந்தில் கிடந்தால் எந்த முழங்காலை எங்கே மடக்குவது? மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கையில் ஒவ்வொரு முறையும் நின்று நிதானிக்க யாரால் முடியும்?

ஆகவே மாற வேண்டியது தூக்கும் இடமும், உயரமும், தூரமும், எடையும், வேகமுமே. இவற்றை வேலைசெய்யும் மனிதருக்கு ஏற்ப அமைக்கும் இயலுக்குப் பணிச்சூழலியல் என்று பெயர்.

கேட்டால் கிடைப்பது

மருந்துச் சீட்டு எழுதுமுன் வேலையைப் பற்றி விரிவாகக் கேட்பது எங்கள் பிரிவில் வழக்கம். "எவ்வளவு எடை தூக்குகிறீர்கள்?" என்று கேட்டால் ஒரு எண் கிடைக்கும். "எந்த இடத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது?" என்று கேட்டால் ஒரு பாடமே கிடைக்கும்.

எடை மேடை தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருப்பதால் ஒவ்வொரு மூட்டையையும் அதற்காக மட்டும் ஒரு முறை தூக்க வேண்டியிருக்கிறது என்பார் ஒருவர். மேடையைத் தரைமட்டத்துக்குப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் மூட்டையைப் புரட்டியே ஏற்றிவிடலாம். ஒரு தூக்கு முழுவதும் மிச்சம். அட்டியின் கடைசி வரிசைதான் ஆளைக் கொல்கிறது என்பார் இன்னொருவர். அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரத்தட்டி போட்டு அதன்மேல் அடுக்கினால், தரைவரை குனியும் தேவையே இராது. சணல் கோணி கைக்குப் பிடி கொடுக்கும், பிளாஸ்டிக் சாக்கு வியர்வைக் கையில் வழுக்கும் என்பது எல்லாரும் சொல்லும் செய்தி. வழுக்கும் மூட்டையைத் திடீரென்று எட்டிப் பிடிக்கும் கணத்தில்தான் தசை கிழிகிறது. வாய்வரை இறுக்கி நிரப்பிய மூட்டை தோளில் உட்காராது. சற்றுத் தளர்வாகத் தைத்தால் அது தோளின் வளைவுக்கு இசைந்து படியும். லாரிக்குப் போடும் பலகை நீளமாக இருந்தால் ஏற்றம் சரிவாகும். குட்டையான பலகையில் ஏறுவது படியில்லாத மாடியில் ஏறுவது போல.

களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் சொல்வது வேறு வகை. துழாவுகோலின் காம்பு ஆணின் உயரத்துக்கோ சிறுவனின் உயரத்துக்கோ வெட்டப்பட்டிருக்கிறது, தங்களுக்கு அல்ல என்கிறார்கள். இதைத் திருத்த ஒரு மூங்கில் போதும்.

இவற்றில் எதுவும் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியாது. ஆலை முதலாளிக்கும் பல நேரங்களில் தெரியாது. அவர் கணக்கு மேசையிலிருந்து பார்ப்பவர். அந்த வேலையைச் செய்பவருக்கு மட்டுமே தெரிந்த செய்திகள் இவை. அவரிடம் கேட்காமல் செய்யும் திருத்தம் எப்படி முடியும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் நிபுணர் சொல்லி வாங்கிய தள்ளுவண்டியின் சக்கரம் மேடுபள்ளமான தரையில் ஓடாமல், அது மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். தரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெரிய சக்கரம் வைத்த வண்டி வந்திருக்கும்.

கேட்பதை ஒரு முறையாக்கியவர்கள்

தொழிலாளரே தம் பணியிடத்தைத் திருத்தும் இம்முறையைப் பங்கேற்புப் பணிச்சூழலியல் என்பார்கள். ஜப்பானைச் சேர்ந்த ககேயு நோரோவும் அமெரிக்காவைச் சேர்ந்த ஆண்ட்ரூ இமாடாவும் 1991இல் அப்பெயரிலேயே ஒரு நூலைத் தொகுத்து வெளியிட்டனர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு சிறு தொழிற்கூடங்களுக்காக இதை ஒட்டிய பயிற்சி முறை ஒன்றை வகுத்தது. நமக்கு மிக நெருக்கமான முயற்சி நடந்தது வியட்நாமில். 1990களில் மேகாங் ஆற்றுப் படுகையின் கான் தோ பகுதியில், டோன் தட் காய் என்ற மருத்துவரும் ஜப்பானியரான சுயோஷி கவகாமியும் நெல் விவசாயிகளோடு சேர்ந்து இதைச் செய்தனர். அவர்களும் நம்மைப் போல நெல்லோடு வாழ்பவர்கள், மூட்டை சுமப்பவர்கள்.

அவர்கள் பயன்படுத்திய படக் குறிப்பேட்டின் அமைப்பு எங்களைக் கவர்ந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு திருத்தத்தின் படம் இருக்கும்: மூட்டையைத் தள்ளும் வண்டி, வேலைமேசையின் உயரம், பாதையின் அகலம். அதன் கீழே இருக்கும் கேள்வி "இங்கே தவறு உள்ளதா?" என்பதன்று. "இதைச் செய்யலாம் என்று நீங்கள் முன்மொழிகிறீர்களா?" என்பதே கேள்வி. விடைகள் மூன்று: வேண்டாம், வேண்டும், முதலில் வேண்டும். தவறு எங்கே என்று கேட்டால் கூலிக்காரர் வாய் திறக்க மாட்டார். மேஸ்திரியைக் குறை சொன்னதாகிவிடும். யோசனை என்ன என்று கேட்டால் பேசுவார். பணியிடத்தைச் சுற்றிவந்த பின் குழுவாக உட்கார்ந்து நன்றாக உள்ள மூன்றையும், திருத்த வேண்டிய மூன்றையும் தேர்ந்தெடுப்பார்கள். நல்லதை முதலில் சொல்லவைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது: முதலாளியும் அந்தக் கூட்டத்தில் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருப்பார்.

செஞ்சிப் பகுதி ஆலை ஒன்றில் இதைச் செய்ய ஒரு மணி நேரம் போதும். தூக்கிவிடுபவர் இருவர், சுமப்பவர் ஒருவர், களத்துப் பெண் ஒருவர், மேஸ்திரி, முதலாளி ஆகிய ஆறு பேர் லாரி நிற்கும் இடத்திலிருந்து அரைவைவரை ஒரு மூட்டையின் வழியே நடக்க வேண்டும். மூட்டை எத்தனை முறை கைமாறுகிறது என்று விரல்விட்டு எண்ண வேண்டும். அதில் எந்தத் தூக்கை அடியோடு ஒழிக்கலாம் என்பதே முதல் கேள்வி. ஒழிக்க முடியாததை எப்படி எளிதாக்குவது என்பது இரண்டாவதாக வரட்டும். முடிவில் ஒரே ஒரு மாற்றத்தையாவது அந்த வாரத்திலேயே செய்துவிட வேண்டும். இல்லையேல் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

பெரிய தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்குக் கைசன் என்ற சொல் பழக்கமானது. வேலையை மேம்படுத்தும் யோசனையைத் தொழிலாளர் சீட்டில் எழுதிக் கொடுக்கும் முறை அது. இவ்வாறு எல்லா ஊழியரையும் தர மேம்பாட்டில் சேர்த்துக்கொள்ளும் வழியில் சென்ற சென்னை பாடியின் சுந்தரம்–கிளேட்டன் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. உற்பத்திக்கும் தரத்துக்கும் பயன்படும் அந்தச் சீட்டில் முதுகுக்கும் ஓர் இடம் உண்டு. "இந்தப் பெட்டி தரையில் வருகிறது, இடுப்பு உயரத்தில் வந்தால் குனிய வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்க எந்தப் படிப்பும் தேவையில்லை.

இம்முறை எங்கும் வெற்றி பெற்றுவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. பின்லாந்தில் 119 நகராட்சிச் சமையலறைகளில் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. தொழிலாளர்கள் கூடிப் பேசி 402 மாற்றங்களைச் செய்தார்கள். இருந்தும் தசை, மூட்டு வலிகள் குறையவில்லை. நாங்கள் இதை வாசிக்கும் விதம் இது: மாற்றங்களின் எண்ணிக்கையை முதுகு அறியாது. அன்றாடம் அதன்மேல் இறங்கும் அழுத்தம் குறைந்ததா என்பதை மட்டுமே அது அறியும். கூட்டம் போட்டு, தேநீர் கொடுத்து, சுவரில் படம் ஒட்டிவிட்டு, மூட்டையின் எடையையும் கூலியின் கணக்கையும் தொடாமல் விட்டால் அது வெறும் சடங்கு.

எடை என்னும் மனித முடிவு

அமெரிக்கத் தொழில்நலக் கழகத்தின் 1991ஆம் ஆண்டுக் கணக்கீட்டில், மிக உகந்த சூழலில்கூடத் தூக்கும் எடைக்கு வைத்த உச்சம் 23 கிலோ. சுமை உடம்புக்கு அருகில், இடுப்பளவு உயரத்தில், நல்ல பிடியோடு, எப்போதாவது ஒரு முறை என்றால்தான் அதுவும். தூரம் கூடக்கூட, குனிவு கூடக்கூட அந்த அளவு குறைந்துகொண்டே வரும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை சற்றுத் தாராளமானது. ஓர் ஆண் சுமப்பது 55 கிலோவுக்கு மேல் இருந்தால் விரைவில் அதைக் குறைக்க வேண்டும் என்கிறது. நம் பகுதியில் நெல் விலை பேசப்படும் மூட்டை 75 கிலோ. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையங்களிலோ 40 கிலோ. ஒரே நெல், ஒரே மாவட்டம், இருவேறு மூட்டைகள்.

75 என்பது இயற்கை விதியன்று. 2022 ஜூலையில் 25 கிலோவரையிலான பொட்டல அரிசிக்குச் சரக்கு சேவை வரி வந்ததும், கடைகளில் 26 கிலோ சிப்பம் தோன்றியதை எல்லாரும் பார்த்தோம். வரிக்காகச் சில வாரங்களில் பையின் எடையை மாற்ற முடிந்தவர்களால் முதுகுக்காகவும் மாற்ற முடியும். எடை குறைந்தால் மூட்டைகளின் எண்ணிக்கை கூடும். அதனால் கூலியை மூட்டைக் கணக்கிலிருந்து எடைக் கணக்குக்கு மாற்றிப் பேச வேண்டிவரும். இதையும் தொழிலாளரோடு உட்கார்ந்தே பேச வேண்டும். அவர்களைக் கேளாமல் பையைச் சிறிதாக்கினால் வலி குறையலாம், அடுப்பும் அணையலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: காயம் விளைவிக்கக்கூடிய பாரத்தை யாரையும் தூக்கவைக்கலாகாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறியது. அபாயகரமான செயல்முறைகள் உள்ள ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்ற 41-ஜி பிரிவு 1987இல் சேர்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்திலும் பாதுகாப்புக் குழுவுக்கு இடமுண்டு. ஆனால் அறிவிக்கத்தக்க தொழில்நோய்களின் பட்டியலான மூன்றாம் அட்டவணையில் முதுகுவலி இல்லை. ஆகவே அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே போகிறது. சுமை தூக்குவோர் 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த நல வாரியத்தில் பதிந்துகொள்வது நல்லது.

சிகிச்சைக்கு வரும்போது

திடீரென்று பிடித்துக்கொள்ளும் கீழ்முதுகு வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். நாட்கணக்கில் படுத்தே கிடப்பது நல்லதன்று. முடிந்த அளவு நடமாடுங்கள். ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமலோ கட்டுப்படாமலோ போனாலும், மலவாய்ப் பகுதியும் தொடைகளின் உட்புறமும் மரத்துப்போனாலும், கால் வலுவிழந்து பாதம் தொங்கினாலும் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். விழுந்தபின் வந்த வலி, காய்ச்சலோடு சேர்ந்த வலி, காரணமின்றி உடல் மெலிவதோடு வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

வேலைக்குத் திரும்பும் காலத்தில் "லேசான வேலை கொடுக்கவும்" என்று பொதுவாக எழுதிக் கொடுக்கும் சான்றிதழால் பயன் குறைவு. லேசான வேலை எது என்று மேஸ்திரிக்குத் தெரியாது. பல ஆலைகளில் அப்படி ஒரு வேலையே கிடையாது. "ஆறு வாரங்களுக்குத் தரையிலிருந்து தூக்கும் வேலை வேண்டாம், இடுப்பு உயரத்தில் தைக்கும் வேலையும் வண்டி தள்ளுவதும் செய்யலாம்" என்று எழுதினால் அதற்கு வழி பிறக்கிறது. அப்படி எழுத, வேலையைப் பற்றி எங்களுக்குத் தெரிய வேண்டும்.

அதனால் அடுத்த முறை வருகையில் ஸ்கேன் படங்களோடு இன்னொன்றையும் கொண்டுவாருங்கள். ஆலையில் அனுமதி கேட்டு, உங்கள் கைபேசியில் இரண்டு நிமிடம் நீங்கள் செய்யும் வேலையை யாரையாவது படம்பிடிக்கச் சொல்லுங்கள். முன்னாலிருந்து அல்ல, பக்கவாட்டில் நின்று எடுக்க வேண்டும். அப்போதுதான் சுமைக்கும் இடுப்புக்கும் உள்ள தூரம் தெரியும். சுமந்து நடப்பதைவிட எடுக்கும் கணமும் வைக்கும் கணமும் படத்தில் இருப்பது முக்கியம். அனுமதி கிடைக்காவிட்டால் மூட்டை எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்குப் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளை விட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துவந்தாலும் சரி.